இருபத்தைந்தாவது குச்சி

மனிதனுக்குக் கைகள் இருக்கின்றன என்ற உண்மை, இரண்டு மாதங்களுக்கு முன்பு எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில்தான் முதன்முதலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்பும் மனிதர்கள் கைகளை வைத்துக்கொண்டு ஏதேதோ செய்திருக்கலாம். ஆனால் அவை எதுவும் கோப்பில் ஏறியதில்லை. கோப்பில் ஏறாத கை, சும்மா தொங்கும் கைதான்.

இந்தப் பேருண்மையைச் சொன்னவர் எங்கள் இயக்குநர். நாட்டுப்புறக் கைவினைகளை மீட்பதற்கென்றே ஏற்பட்ட அலுவலகம் எங்களுடையது. ஏழு வருடங்களில் பதினான்கு அறிக்கைகளையும் நான்கு சுவர்க் காலண்டர்களையும் மீட்டிருந்தோம். கைவினை மட்டும் பாக்கி.

"இத்தனை நாளா நாம கலையைத் தலையால மீட்கப் பாத்துட்டோம். அதான் வரலை. இனிமே கையால மீட்போம். செய்து பாத்துக் கத்துக்கறது" என்றார் இயக்குநர்.

அறையில் இருந்த ஒன்பது பேரும் தங்கள் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. இருபத்தொரு வருடமாக மற்றவர்கள் பேசுவதை எழுதி வருகிறேன். நான் பேசியதாக ஒரு வரிகூட எந்தக் குறிப்பிலும் கிடையாது. அதனாலேயே அலுவலகத்தில் எனக்கு நேர்மையானவன் என்று பெயர்.

முதலில் மீட்க வேண்டிய கலை கூடை பின்னுதல் என்று முடிவாயிற்று. அன்று காலை மாடி ஏறும்போது இயக்குநர் ஒரு கூடையில் கால் இடறி விழப் பார்த்ததே அதற்குக் காரணம். பெரிய சிந்தனைகள் இப்படித்தான் காலில் தட்டுப்படும்.

திட்டம் இதுதான். ஊழியர்கள் எல்லாரும் ஆறு நாட்கள் கூடை பின்னக் கற்பார்கள். ஆறாம் நாள் தேர்வு. முதலிடம் பெறுபவர், கட்டடத்தின் முன்புறப் படிக்கட்டுக்கு அடியில் அமையப்போகும் 'நேரடிக் கைவினை மூலை'யில் அமர்ந்து பொதுமக்கள் பார்க்கக் கூடை பின்னுவார். அந்த இடம் எல்லா வகையிலும் பொருத்தமானது. நிழல் உண்டு. வெளிச்சம் உண்டு. குச்சி ஊறவைக்கக் குழாய் உண்டு. ஒரே ஒரு இடைஞ்சல்தான். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தார்.

அவரைக் கூடைக்கார அக்கா என்போம். எங்கள் அலுவலகம் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஏழு வருடம். அக்கா வந்து பத்தொன்பது வருடம். விஷயத்தைச் சொல்லி இடத்தைக் காலி செய்ய வைக்கும் பொறுப்பு ஸ்டோர் கீப்பரிடம் தரப்பட்டது. அவர் சொல்வதை எழுதிக்கொள்ள நானும் போனேன்.

"அக்கா, இந்த இடம் கைவினை மூலைக்கு வேணுமாம்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அப்படின்னா?"

"இங்க ஒருத்தர் உக்காந்து கூடை பின்னுவார். ஜனங்க நின்னு பாப்பாங்க."

அக்கா மடியில் பாதி பின்னியிருந்த கூடையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நான் இப்ப என்ன இட்லியா அவிச்சிட்டு இருக்கேன்?"

"நீங்க பின்றீங்க. யாரு இல்லைன்னா? ஆனா சும்மா பின்றீங்க. அவர் நேரடியாப் பின்னுவார்."

"யாரு அவரு?"

"இன்னும் முடிவாகலை. அவருக்கு இன்னும் பின்னத் தெரியாது. ஆறு நாள்ல தெரிஞ்சிடும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். அவர் வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஓர் ஆள் நீளக் குச்சியை அங்கே திருப்பினால் ஒரு நுனி சுவரை இடிக்கும், மறு நுனி மாமியாரை இடிக்கும். குழாய்த் தண்ணீர் காலையில் அரை மணி நேரம். இந்தப் படிக்கட்டடி போய்விட்டால் பின்னுவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை. இதையெல்லாம் அவர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

"உங்களுக்குப் பின்னத் தெரியும்னு சான்றிதழ் ஏதாவது இருக்கா?" ஸ்டோர் கீப்பர் கனிவாகத்தான் கேட்டார்.

"கூடை இருக்கு."

"கூடை எப்படிச் சான்றிதழ் ஆகும்? கூடையை யார் வேணா பின்னலாமே."

"எங்க, நீங்க ஒண்ணு பின்னுங்க பாப்போம்" என்றார் அக்கா.

ஸ்டோர் கீப்பர் மாடிக்கு ஏறிவிட்டார்.

எங்கள் இயக்குநர் கல் நெஞ்சக்காரர் அல்ல. விஷயத்தைக் கேட்டதும் மனம் இளகி, ஒரு நியாயமான வழி சொன்னார். அக்காவும் பயிற்சியில் சேரலாம். தேர்வில் முதலிடம் பெற்றால் அவரே மூலையில் உட்காரலாம். "எல்லாருக்கும் சம வாய்ப்பு. அவங்களுக்குத் தெரியும்கிறதை ஒரு குறையாவே நாம எடுத்துக்க வேண்டாம்" என்றார்.

அக்காவையே பயிற்றுநராக வைத்தால் என்ன என்று ஒரு புதிய ஊழியர் கேட்டுவிட்டார். புதியவர், போகப் போகச் சரியாகிவிடுவார். பயிற்றுநர் ஆவதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பெறப் பயிற்சி வேண்டும். பயிற்சி தரப் பயிற்றுநர் வேண்டும். அந்தப் பயிற்றுநர் இயக்குநரின் மச்சினனாக இருந்தது தற்செயல்தான். அவர் 'கைவழி அறிதல்' என்பதில் தேர்ந்தவர். பன்னிரண்டு மணி நேர வீடியோ பார்த்தவர். அதில் இரண்டு மணி நேரம் கூடை வருகிறது.

அடுத்த கூட்டத்தில், ஆளுக்கு எத்தனை குச்சி என்ற கேள்வி எழுந்தது. இது சாதாரணக் கேள்வி இல்லை. கூடைக்கு அடியில் ஒரு வட்டப் பலகை. அதன் விளிம்பைச் சுற்றித் துளைகள். துளைக்கொரு குச்சி நட்டு, அந்தக் குச்சிகளின் ஊடாக நாரை முன்னும் பின்னுமாக ஓட்டினால் கூடை எழும்பும். ஆகவே குச்சிதான் அடிப்படை. ஒன்றேகால் மணி நேரம் விவாதித்து, இருபத்து நான்கு என்று முடிவு செய்தோம். குச்சிக் கட்டு ஆறு ஆறாக வருகிறது, நாலு கட்டு பிரித்தால் கணக்கு சரியாக இருக்கும் என்றார் ஸ்டோர் கீப்பர். இருபத்து நான்கில் ஒரு சமநிலை இருக்கிறது என்றார் இயக்குநர். பயிற்றுநர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, அந்த எண்ணில் ஓர் அமைதி இருக்கிறது என்றார். இருபத்து நான்கு துளை போட்ட பலகைகள் வந்து இறங்கின.

முதல் நாள் நாங்கள் கூடை பின்னவில்லை. குச்சியைத் தொட்டோம்.

"கண்ணை மூடிக்குங்க. குச்சி உங்ககிட்ட ஏதோ சொல்லுது. என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்றார் பயிற்றுநர்.

அறை அமைதியாயிற்று. கணக்குப் பிரிவில் ஒருவர் மெல்லக் குறட்டை விட்டார்.

"என்ன சொல்லுதுக்கா?" என்று அக்காவிடம் கேட்டார் பயிற்றுநர்.

"ஊற வைக்கச் சொல்லுதுங்க. காஞ்சு கெடக்கு. வளைச்சா ஒடிஞ்சிடும்."

"நனைக்கறது மூணாம் நாள் பாடம். அவசரப்படக் கூடாது."

இரண்டாம் நாள் குச்சியை வளைத்தோம். ஒடிந்தது. 'இழப்பை ஏற்றல்' என்ற பாடம் மூன்றாம் நாளிலிருந்து இரண்டாம் நாளுக்கு முன்கூட்டியே நகர்த்தப்பட்டது.

மூன்றாம் நாள் நனைத்து, நட்டு, பின்னத் தொடங்கினோம். நார் ஒரு குச்சிக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால், மறுபடி முன்னால் என்று போயிற்று. பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னினோம். பின்னி முடித்துக் கையை எடுத்ததும், நார் மொத்தமும் அவிழ்ந்த பாவாடை மாதிரி சரசரவென்று கீழே இறங்கிப் பலகையில் வட்டமாக உட்கார்ந்துகொண்டது. மேலே இருபத்து நான்கு குச்சிகள் மொட்டையாக நின்றன. ஒருவருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அப்படியே. அறை முழுவதும் ஒரே சரசரப்பு.

பயிற்றுநர் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். "அருமை. இதைத்தான் நெகிழ்வுத்தன்மைன்னு சொல்றது."

அக்கா கையைத் தூக்கினார். மூன்று நாட்களாகக் கையைத் தூக்கித்தான் பேச வேண்டும் என்று அவருக்கும் பழகிவிட்டது.

"சார், குச்சி ஒத்தைப்படையா இருக்கணும். இருபத்தி நாலு இருந்தா, மொத சுத்துல எந்தக் குச்சிக்கு முன்னால போச்சோ, ரெண்டாவது சுத்துலயும் அதுக்கு முன்னாலயேதான் போகும். எத்தனை சுத்து சுத்தினாலும் அதே தடம்தான். பிடிக்காது. ஒண்ணு கூட இருந்தா, போன தடவை முன்னால போனது இந்தத் தடவை பின்னால போகும். அப்பத்தான் ஒண்ணை ஒண்ணு இறுக்கும். இருபத்தஞ்சு வேணும்."

விஷயம் மாடிக்குப் போயிற்று. இயக்குநர் இறங்கி வந்து, மொட்டைக் கூடைகளுக்கு நடுவே நின்று யோசித்தார்.

"ஒண்ணைத் தனியா விடறதா? ரெண்டு ரெண்டா இருக்கற இடத்துல ஒண்ணு மட்டும் ஜோடி இல்லாம நிக்கறதா?" என்றார். "அது நம்ம கொள்கைக்கு விரோதம்."

"குச்சிக்கு ஜோடி எதுக்குங்க? கல்யாணமா பண்ணப் போறோம்?" என்றார் அக்கா.

"பலகையில துளை இருபத்தி நாலுதான்மா. அறுபது பலகை வந்தாச்சு" என்று ஸ்டோர் கீப்பர் உண்மையான காரணத்தைச் சொன்னார்.

இருபத்தைந்தாவது குச்சி ஏற்கப்படவில்லை என்று குறிப்பு எழுதினேன். பத்தியை அழகாகவே எழுதியிருந்தேன்.

அன்று என் கூடையை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"கூடை. நானே செஞ்சேன்."

அவள் அதில் இரண்டு வெங்காயம் போட்டாள். ஒன்று கட்டிலுக்கு அடியிலும் மற்றது வாசலுக்கும் போயிற்று.

"இதுல எதுவும் வைக்கக் கூடாது. இது மீட்கப்பட்ட கலை" என்றேன்.

"படிக்கட்டுக்குக் கீழே அந்த அம்மாகிட்ட நான் வாங்கின கூடை ஆறு வருஷமா ஒழைக்குது. அவங்ககிட்டக் கேட்டுக் கத்துக்கக் கூடாதா?"

"அவங்களும் எங்களோடதான் கத்துக்கறாங்க."

மனைவி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாசல் வெங்காயத்தை எடுக்கப் போனாள்.

ஆறாம் நாள் தேர்வு. மூன்று மணி நேரம். ஸ்டோர் கீப்பர் ஆளுக்கு இருபத்து நான்கு குச்சியை எண்ணித் தந்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எனக்குப் பக்கத்து இடம் அக்காவுக்கு. அவர் தன் குச்சிகளை நட்டார். ஒரு குச்சியை மட்டும் கத்தி முனையால் நுனியிலிருந்து அடிவரை பிளந்தார். அடியில் ஒன்று, மேலே இரண்டு. நாரை ஓட்ட ஆரம்பித்ததும் கூடை சுவர் மாதிரி எழும்பியது. ஒரு மணி நேரத்தில் முடிந்தும் போயிற்று.

எனக்கு ஏழாவது தடவையாகச் சரிந்தது. வியர்வையில் குச்சி வழுக்கியது. நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்றும் சொல்லலாம்.

"சார், பக்கத்துல இப்படி ஒண்ணு நடக்கறதைப் பாத்துட்டு என்னால உக்கார முடியலை. குடுங்க இப்படி."

என் கூடையை வாங்கினார். ஒரு குச்சியைப் பிளந்தார். ஐந்து சுற்று பின்னி, இறுக்கிக் கையில் கொடுத்தார். "இப்படியே போங்க. இனிமே எறங்காது."

இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் செய்த ஒன்று நின்றது. கண் கலங்கிவிட்டது.

மணி அடித்தது. பயிற்றுநரும் ஸ்டோர் கீப்பரும் இயக்குநரும் வரிசையாக வந்தார்கள். மற்ற கூடைகள் எல்லாம் நெகிழ்ந்து கிடந்தன. நின்றவை இரண்டே இரண்டு. முதலில் அக்காவுடையது. பயிற்றுநர் அதைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார். அது அசையவில்லை. 'நெகிழ்வு: இல்லை' என்று குறித்துக்கொண்டார். ஸ்டோர் கீப்பர் விளிம்பில் விரல் வைத்து எண்ணினார்.

"இருபத்தி மூணு. இருபத்தி நாலு. இருபத்தஞ்சு."

ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்தார்.

"இது எங்கேருந்து வந்தது?"

"எங்கேருந்தும் வரலைங்க. ஒண்ணைப் பொளந்தேன்."

"அலுவலகச் சொத்தையா?"

"குச்சியை."

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "திறமை இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா வழிமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல? அனுமதிச்ச எண்ணிக்கையை மீறினா, கூடை நின்னாலும் நிக்காத மாதிரிதான்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காத்திருந்தார்.

ஸ்டோர் கீப்பர் அடுத்து என் கூடையிடம் வந்தார். விரலை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். "உங்களோடதை நான் எதுக்கு சார் எண்ணணும்? நீங்களே எண்ணி எழுதிக்குங்க. இந்த ஆபீஸ்ல உங்க எழுத்தைத்தான் எல்லாரும் நம்பறோம்."

நான் எண்ணினேன். இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கூடையை எண்ணும்போது மேலிருந்துதான் எண்ண வேண்டும் என்று எந்த விதியிலும் கிடையாது. நான் அதைத் தலைகீழாகத் திருப்பி, பலகைப் பக்கமிருந்து எண்ணினேன். துளைக்கொரு குச்சி. இருபத்து நான்கு. எழுதினேன்.

அக்காவின் கூடையையும் அடியிலிருந்து எண்ணினால் இருபத்து நான்குதான் வரும். இது எனக்கு உடனே தோன்றியது. பேனாவை மூடியபடி நெடுநேரம் அதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தேன். தோன்றுவதை எல்லாம் எழுதினால் அது கூட்டக் குறிப்பு ஆகாது, நாட்குறிப்பு ஆகிவிடும். அதற்குள் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். முதலிடம் எனக்கு.

அக்கா கத்தியைத் துணியில் சுற்றினார். படிக்கட்டுக்குக் கீழே போய்க் குச்சிக் கட்டுகளையும் ஊறவைக்கும் தொட்டியையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினார். நானும் கீழே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை.

"அக்கா, இனிமே எங்க?"

"சைக்கிள் கடைக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு. கேட்டுப் பாக்கணும். தண்ணி கெடையாது அங்க." வண்டியைத் தள்ளத் தொடங்கியவர் நின்றார். "சார், குச்சியை வெயில்ல விட்டுடாதீங்க. அப்பப்ப தண்ணி தெளிங்க. இல்லாட்டி உள்ளுக்குள்ளயே வெடிச்சிடும்."

தனக்குக் கெடுதல் செய்தவனுக்கு அறிவுரை சொல்வது முறையல்ல. அலுவலக நடைமுறை தெரியாதவர், பாவம்.

மறுநாளே மூலை திறக்கப்பட்டது. எனக்கு ஒரு பாய், ஒரு மின்விசிறி, தலைக்கு மேலே ஒரு பலகை. 'அழிந்துபோன கலை, உயிர்பெறும் இடம்' என்று அதில் எழுதியிருக்கிறது. வாசகம் என்னுடையது. எனக்கு முழுக் கூடை பின்ன வராது என்பதை முதல் நாளே இயக்குநரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். இருபத்தொரு வருடத்தில் ஒரு மேலதிகாரியிடம் நானாகச் சொன்ன முதல் விஷயம் அது.

"பின்னறது முக்கியமே இல்லை. பின்னிட்டு இருக்கறதுதான் முக்கியம்" என்றார்.

ஆகவே பின்னிக்கொண்டே இருக்கிறேன். கையில் தேர்வுக் கூடை ஒன்றே ஒன்று. காலையில் மேல் சுற்றுகளைப் பின்னுகிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அவிழ்க்கிறேன். மறுநாள் மறுபடி. அக்கா பின்னிய அடி ஐந்து சுற்றை மட்டும் தொடுவதில்லை. அதை அவிழ்த்தால் கலை மறுபடி அழிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். ஆளுக்கு ஒரு குச்சியைத் தொட்டு, அது என்ன சொல்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் கலையை மீட்டிருக்கிறார்கள்.

நேற்று காய்கறிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். தோளில் ஒரு பெரிய பழைய கூடை. அடிப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அதை என் முன்னால் இறக்கிவைத்துவிட்டு, மின்விசிறியையும் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க கூடை பின்ற அக்கா ஒருத்தங்க இருப்பாங்களே. வருஷா வருஷம் அவங்கதான் இதுக்கு அடி மாத்திக் குடுப்பாங்க."

"இப்ப இல்லைங்க" என்றேன்.

"நீங்க மாத்தித் தருவீங்களா?"

"அதெல்லாம் இப்ப யாருக்கும் தெரியாதுங்க. அந்தக் கலை அழிஞ்சு போச்சு. அதைத்தான் மீட்டுக்கிட்டு இருக்கோம்."

அவர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகத்தில் நிஜமான துக்கம் தெரிந்தது. கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே. எப்ப அழிஞ்சுது?"

"போன மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணி" என்றேன். "நான்தான் எண்ணி எழுதினேன்."